பொட்டு வைத்த ரேம் பெட்டி

நீங்கள் திரையில் காட்டிய படத்தைப் பார்த்தேன். பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு குட்டிக் கோடு. இப்போது இருக்கும் எஸ்.எஸ்.டி. கொஞ்சம் நீளமான கோடு. நீங்கள் வாங்கச் சொல்லும் ரேம் டிரைவ் மட்டும் திரையை விட்டு வெளியே போய்விட்டது. நல்ல வேகம்தான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இதே கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, சமோசாவும் கொடுத்து, "மேடம், உங்க அனுபவத்துல இருந்து ரெண்டு வார்த்தை" என்கிறீர்கள். வேகத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு நான் தேவையில்லை. அதனால் ஆயுத பூஜையைப் பற்றிப் பேசுகிறேன்.

அதற்கு முன்னால் கரண்ட்டைப் பற்றிக் கொஞ்சம். ஓய்வு பெற்றதும் நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் கட்டிய வீட்டுக்குப் போனேன். போன முதல் வாரமே ஒரு மத்தியானம் மின்விசிறி நின்றது. நான் பதறிப்போய் பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிக்கப் போனேன். "கரண்ட் போயிருக்குதுங்க" என்றார். அது எனக்கே தெரிந்தது, ஏன் போனது என்பதுதான் என் கேள்வி. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வந்துரும், போயி உக்காருங்க" என்றார். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரியும். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

டவுன்ஷிப்பில் பல காலம் இருந்தவர்களுக்கு வரும் கோளாறு இது. கரண்ட் என்பது போகக்கூடிய பொருள் என்றே மண்டையில் ஏறாது. எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் யூ.பி.எஸ். இல்லாமல் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றது. அதன் பேட்டரிகள் செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதற்கு வேலையே வந்ததில்லை. கடைசியில் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு பினாயிலும் துடைப்பத் துணியும் வைத்துக்கொண்டார்கள். பூட்டும் வசதி இருந்ததால் அதற்கு நல்ல மதிப்பு.

இந்த நிலைமையில்தான் எங்களுக்கு ஒரு தேர்வு நடத்தும் வேலை வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் பல வருஷம் ஓடியவர்களிலிருந்து சிலரை நிரந்தரமாக எடுப்பதற்கான தேர்வு. முதல் முறையாகக் கம்ப்யூட்டரில் வைப்பது என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். ஹால் நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பதிலையும் அழுத்த, ஒவ்வொன்றும் உடனுக்குடன் சர்வரில் பதிவாக வேண்டும். ஒத்திகை வைத்துப் பார்த்தோம். எங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டதே தவிர பதிவு செய்யவில்லை. பாதிப் பேருக்குத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவர் அது கேள்வியின் ஒரு பகுதி என்று நினைத்து எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

புதுச் சர்வர் வாங்க நேரமில்லை. அதனால் ஒரு ரேம் பெட்டி வாங்கினோம். செங்கல் இரண்டை அடுக்கி வைத்த அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே வரிசையாக ரேம் ஸ்டிக்குகள். சர்வர் அதை ஹார்ட் டிஸ்க் என்று நம்பும். சுற்றுவதற்குத் தட்டு இல்லை, தேடி ஓடுவதற்கு ஊசி இல்லை. பதில் வந்த கணமே பதிவு. ஆனால் ரேமின் குணம் உங்களுக்குத் தெரியும், கரண்ட் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். அதற்காக உள்ளேயே ஒரு சின்ன பேட்டரி வைத்திருந்தார்கள். முன்பக்கம் ஒரு விளக்கு. பச்சை என்றால் கரண்ட்டில் இருக்கிறது. மஞ்சள் என்றால் பேட்டரியில் இருக்கிறது. சிவப்பு மின்னினால் பேட்டரியும் முடியப்போகிறது. அதற்குப் பிறகு வெறும் இரும்புப் பெட்டிதான்.

தேர்வு வெண்ணெய் போல நடந்தது. எல்லோரும் எழுந்து போன பிறகு, தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த தேர்வுக் குழுத் தலைவர் கரண்ட் ஒயரை மட்டும் விட்டுவிட்டுப் பெட்டியிலிருந்து டேட்டா கேபிளைக் கழற்றச் சொல்லி, அந்தத் துளையின் மேல் காகித சீல் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். சீலை உடைக்காமல் இனி யாரும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. குழு முழுவதும் கூடியிருக்கும்போதுதான் நகல் எடுக்க வேண்டும் என்பது விதி. குழுவில் பாதிப் பேர் பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். "லீவு முடிஞ்சு வந்து எடுத்துக்கலாமா? அதுவரைக்கும் இது தாங்குமா?" என்று தலைவர் கேட்டார். "சார், இது நெய்வேலி" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு பஸ் ஏறினார்.

இப்போது ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவிலேயே ஒப்பந்தத்தில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தவள். நான் மேனேஜர் ஆவதற்கு முன்பிருந்தே இருந்தாள். ஒப்பந்தக்காரர்கள் மாறுவார்கள், அவள் மாறமாட்டாள். ஒவ்வொரு புது ஒப்பந்தக்காரரும் அவளைப் புதிதாக வேலைக்கு எடுத்துக்கொள்வார். அவளும் புதிதாகச் சேருவாள். வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டு வேலைக்குப் போவது நின்றிருந்தது. பிள்ளைகள் இரண்டும் படித்துக்கொண்டிருந்தன. நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, எல்லாம் உண்டு. இந்தத் தேர்வை அவளும் எழுதியிருந்தாள். எத்தனை சலுகை கொடுத்தாலும் அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இது ரத்தாகி மறுபடி அறிவிப்பு வந்தால் அவள் விண்ணப்பம்கூடப் போட முடியாது. அவளுக்கு இருந்தது இந்த ஒரு தேர்வுதான். எழுதிவிட்டு வந்தவள், "நல்லா எழுதிகிறேன் மேடம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவள் வாயிலிருந்து 'நல்லா' என்ற சொல்லை நான் கேட்டது அப்போதுதான்.

தேர்வு எழுதியவள் என்பதால் முடிவு வரும்வரை கம்ப்யூட்டர் அறைப் பக்கமே வரக்கூடாது என்று அவளை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தோம்.

ஆயுத பூஜை அன்று எங்கள் பிரிவில் என்ன நடக்கும் என்று உங்களில் பழைய ஆட்களைக் கேளுங்கள். மூத்த உதவியாளர் முருகேசன்தான் பூஜைக்குப் பொறுப்பு. கம்ப்யூட்டரில் அவருக்கு எந்த வேலையும் இல்லை, பூஜை அன்று மட்டும் எல்லாக் கம்ப்யூட்டரும் அவருடையது. விடிந்ததும் வந்து அறையைக் கழுவி, ஒவ்வொரு இயந்திரத்தையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் ஒரு முழம் பூவும் சுற்றிவிடுவார். மறுநாள் காலை மறுபூஜை போட்ட பிறகுதான் எதையும் தொடலாம். இதெல்லாம் ஒவ்வொரு வருஷமும் நடப்பது. ஒவ்வொரு வருஷமும் நாங்கள் பொரி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம்.

அன்று என் வீட்டுப் பூஜையை முடித்துவிட்டு நான் போனபோது கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள். வராண்டாவில் ஒரு மேஜை. சரஸ்வதி படம், வாழைக்கன்று, சீரியல் லைட் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. முருகேசன் பொரிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "மேடம், இந்த வருசம் புதுப் பொட்டிக்கும் வெச்சிட்டேன்" என்றார்.

"எந்தப் பெட்டிக்கு?"

"அதாங்க, சீல் ஒட்டிகிறாங்களே. சீலு மேல படலீங்க. பக்கத்துலதான் வெச்சேன்."

"மெயின்?" என்று கேட்டேன்.

"காலையிலயே ஆஃப் பண்ணிட்டேன். வருசம் பூரா ஓடிகினே கீது. ஒரு நாளு ரெஸ்ட் குடுக்க வாணாமா?"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. அந்தப் பெட்டியை அணைக்கக்கூடாது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. கரண்ட் போனால் என்ன செய்வது என்று பேசி, போகாது என்று சிரித்து முடித்தவர்கள் நாங்கள். கரண்ட்டை நாமே நிறுத்துவோம் என்பது எங்கள் ஒருவர் புத்தியிலும் உதிக்கவில்லை. வருஷாவருஷம் நிறுத்தியவர்களும் நாங்கள்தான்.

உள்ளே ஓடினேன். இருட்டில் அந்தப் பெட்டி நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. விளக்கு மஞ்சள்.

"பூவை அவுத்துட்டு மெயினைப் போடுங்க முருகேசன்."

அவர் தயங்கினார். சாமி விஷயம் என்று தயங்குகிறார் என்று நினைத்து, "பாவம் எனக்கு வரட்டும், போடுங்க" என்றேன்.

"அதுக்கு இல்லீங்க. போட்டாலும் வராது."

"ஏன்?"

"எலக்ட்ரிகல்காரங்க வந்தாங்க. மெயின் ஆஃப்லதானே இருக்குதுன்னு ஃபியூஸ் கேரியரை எல்லாம் கழட்டிகினு போயிட்டாங்க."

"எங்க?"

"அவங்க பூஜைக்குத்தாங்க."

எலக்ட்ரிகல் பிரிவில் எல்லாக் கட்டடத்து ஃபியூஸ் கேரியர்களையும், அதாவது ஃபியூஸ் கம்பி மாட்டும் பீங்கான் கட்டைகளை, கொண்டுபோய்த் துடைத்து சாமி முன்னால் அடுக்கி வைப்பார்கள். அவர்களுடைய ஆயுதம் அது. பூஜை முடிந்ததும் அறையைப் பூட்டிவிட்டு, சாவியோடு ஃபோர்மேன் பண்ருட்டியில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். கூப்பிட்டேன். நல்ல மனுஷன், "இலை போட்டுட்டாங்க மேடம்" என்று ஆரம்பித்தவர், என் குரலைக் கேட்டதும் "கைய கழுவிட்டேன், வந்துகினே இருக்கேன்" என்றார். பண்டிகை நாளில் பண்ருட்டி ரோட்டு நெரிசலைத் தாண்டி வர வேண்டும். பேட்டரி அதுவரை தாங்காது என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு நெருக்கடியில் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று பயிற்சி வகுப்புகளில் பலவிதமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் செய்தது சும்மா நின்றதுதான். சும்மா நின்று வெளியே பார்த்தேன். சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"கட்டடத்துலயே கரண்ட் இல்ல. சாமிக்கு மட்டும் எங்கேருந்து வருது?"

"மெயின் ஆஃப்ல இருக்குமேன்னு கேன்டீன்லேருந்து ஒயர் இழுத்துகிறேங்க" என்றார் முருகேசன்.

சாமிக்கு மாற்று ஏற்பாடு செய்திருந்தார்கள். சர்வருக்குத்தான் யாரும் செய்யவில்லை.

பெட்டியை அதன் அடாப்டரோடு தூக்கினேன். முருகேசன் கீழே கை கொடுத்துக்கொண்டே வந்தார். வராண்டாவுக்கு வருவதற்குள் விளக்கு சிவப்பாக மின்ன ஆரம்பித்துவிட்டது. வாழைக்கன்றுக்கும் சரஸ்வதிக்கும் நடுவில் பெட்டியை வைத்து, சீரியல் லைட்டைப் பிடுங்கிவிட்டு அடாப்டரைச் செருகினேன். சிவப்பு மின்னிக்கொண்டேதான் இருந்தது. செருகியதை அழுத்திப் பிடித்தேன். இன்னும் சிவப்பு. பிளக் பாயிண்ட் தளர்ந்திருந்தது, முருகேசன் ஊதுவத்திப் பொட்டலத்தின் அட்டையைக் கிழித்து மடித்து அடியில் செருகினார். பச்சை வந்தது. என் பொரி முழுவதும் தரையில் கொட்டியிருந்தது.

"சாமி இருட்டுல கீதுங்களே" என்றார் முருகேசன், குறையாக.

"அகல் ஏத்துங்க" என்றேன். ஏற்றினார்.

அப்போதுதான் தெருவில் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

அவள் வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிடுகிறவள். ஒவ்வொரு வருஷமும் கற்பூரம் காட்டும்போது ஒதுங்கி நிற்பாள், முடிந்ததும் வந்து பொரி மட்டும் வாங்கிக்கொள்வாள். அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. அந்த வருஷம் உள்ளே வரக்கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பொட்டலத்தை வாங்கியிருக்கிறாள். பெட்டியை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்ததையும், சிவப்பு மின்னியதையும் பார்த்திருக்கிறாள். அந்தப் பெட்டி வந்த நாளில் எங்களோடு நின்று விளக்கின் அர்த்தத்தைக் கேட்டுக்கொண்டவள் அவள். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அது பரீட்சைப் பொட்டிதானே மேடம்?"

இல்லை என்று சொல்ல எனக்குத் தோன்றியது. "ஆமா" என்றேன்.

இதை யோசித்துப் பாருங்கள். முடிவு வராத தேர்வின் பதில்கள் எல்லாம் தெருவோர வராண்டாவில் இருக்கின்றன. பக்கத்தில் தேர்வு எழுதிய ஒருத்தி நிற்கிறாள். நாளைக்கு ஒருவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுடைய முடிவு போய்விடும். கூடவே தேர்வும் போகலாம். எனக்கு வந்த ஒரே யோசனை அவளை அந்த இடத்தை விட்டு அனுப்புவது. "ஸ்டெல்லா, நீ வீட்டுக்குப் போ. இங்க நிக்காத" என்றேன்.

அவள் நகரவில்லை.

"வூட்டுக்குப் போனா, நா எங்க இருந்தேன்னு யாரு சாட்சி சொல்லுவாங்க மேடம்? சுத்தி வந்து பொட்டிக்குப் பின்னால நின்னேன்னு யாராச்சும் சொன்னா? நா அந்த வெட்டவெளில நிக்கிறேன். எல்லாரும் என்னப் பாத்துகினு இருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். எங்கள் வராண்டாவுக்கும் கேன்டீனுக்கும் நடுவே, கேட்டுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு திறந்த வெளி உண்டு. அதன் மத்தியில் போய் எங்களைப் பார்த்தபடி நின்றாள். பொரிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். உச்சி வெயில். பத்தடி தள்ளி ஒரு புங்க மரம் இருந்தது.

"நிழல்லயாவது நில்லு" என்று கத்தினேன்.

"மரம் மறைக்கும் மேடம்" என்றாள்.

நானும் முருகேசனும் பூஜைக்கு வந்த மற்றவர்களும் வராண்டாவில் உட்கார்ந்தோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பச்சை விளக்கைப் பார்ப்பது, அவளைப் பார்ப்பது, பண்ருட்டி ரோட்டுப் பக்கம் பைக் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பது. ஒருவர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன் என்று எழுந்தார். அவள் தூரத்திலிருந்தே தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள் போல. என் சர்வீஸில் ஒரு இயந்திரத்தைப் பார்த்து அழ வேண்டும்போல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

எங்கள் கண் விளக்கின் மேல் இருந்ததால் கேன்டீனை யாரும் கவனிக்கவில்லை. கேன்டீன்காரர் பண்டிகை என்று சீக்கிரமே கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வழக்கப்படி மெயினை அணைக்கக் கையைத் தூக்கியிருக்கிறார்.

"அண்ணே, மெயின தொடாதீங்க. அப்பிடியே வுடுங்க" என்று ஒரு குரல். ஸ்டெல்லாதான். மாதா கோவில் பாட்டுக் குழுவில் பாடுகிற தொண்டை அது, மூன்று பிளாக் தள்ளிக் கேட்டிருக்கும். சத்தம் போட்டாளே தவிர, நின்ற இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. பொட்டலத்தைப் பிடித்த கையைக்கூட எடுக்கவில்லை. முருகேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கேன்டீன்காரர் தூக்கிய கையோடு என்ன பாவம் செய்தோம் என்று புரியாமல் நின்றுகொண்டிருந்தார். ஃபோர்மேன் வரும்வரை முருகேசன் அவரைவிட்டு அகலவில்லை. அவருக்குப் பிடித்த கட்சிக்காரரைப் பற்றி அரசியல் பேசிப் பிடித்து வைத்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

ஃபோர்மேன் வந்தார். ஃபியூஸ் கேரியர்களைச் சந்தனமும் குங்குமமுமாகவே கொண்டுவந்து மாட்டினார். துடைக்கட்டுமா என்று கேட்டார், நேரமில்லை என்றேன். கட்டடத்துக்குக் கரண்ட் வந்தது. பேட்டரியும் இதற்குள் கொஞ்சம் ஏறியிருந்ததால் பெட்டியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். அது பச்சையாக உட்கார்ந்த பிறகுதான் ஸ்டெல்லா அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள். எங்கள் பக்கம் வராமல், நேராகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

தேர்வுக் குழுத் தலைவரிடம் அன்றே போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லா இருந்ததையும் சொன்னேன். மறைக்கலாம் என்று ஒருவர் என் காதைக் கடித்தார். மறைத்தால் அவள் வெயிலில் நின்றது வீண் என்று அவரிடம் சொன்னேன்.

விடுமுறை முடிந்து தலைவர் வந்தார். சிடுசிடுவென்று இருந்தார். சீலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த குங்குமத்தையும் பார்த்தார். "ரத்து பண்ணிட்டா எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. அடுத்த வருஷம் ஒழுங்கா வைக்கலாம்" என்றார். பிறகு, விசாரித்ததாக இருக்கட்டும் என்று, எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அந்தப் பெண் எங்கே நின்றாள் என்று கேட்டார்.

எங்கள் பிரிவில் இரண்டு பேரைக் கேட்டால் கடிகாரத்தில் மணி என்ன என்பதற்கே மூன்று பதில் வரும். அன்று ஒவ்வொருவரும் ஒரே இடத்தைக் கை காட்டினார்கள். ஒரே பொட்டலத்தைச் சொன்னார்கள். முருகேசன் முறை வந்தது. "மத்த நாள்ல அந்தப் பொண்ணு எங்க நின்னுதுன்னு கேட்டீங்கன்னா சொல்லத் தெரியாதுங்க. அன்னிக்கி சொல்லுவேன். நெழலுக்குப் போவாதா, நெழலுக்குப் போவாதான்னு எல்லாரும் அதையேதான் பாத்துகினு இருந்தோம்" என்றார்.

தலைவர் எழுந்து வெளியே போனார். அந்தத் திறந்த வெளியின் நடுவில் போய் நின்றுகொண்டு என்னை வராண்டாவில் நிற்கச் சொன்னார்.

"நான் தெரியறேனா?"

"தெரியறீங்க சார்."

"கையில என்ன இருக்கு?"

"பேனா சார்."

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். அந்தக் கொஞ்ச நேரத்துக்கே சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "எவ்வளவு நேரம் நின்னா?" என்று கேட்டார். ஃபோர்மேன் பண்ருட்டியிலிருந்து வரும்வரை என்றேன். அவர் போய் உட்கார்ந்து, குழுவில் எல்லோரையும் வரச் சொன்னார். சீலை உடைத்து, கேபிளை மாட்டி, நகல் எடுத்தோம். ஒருவருடைய ஒரு பதில்கூடக் குறையவில்லை. தேர்வு செல்லும் என்று கையெழுத்துப் போட்டார்.

ஸ்டெல்லா தேறியிருந்தாள். முதல் இடமெல்லாம் இல்லை. வந்த இடம் வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

ஆர்டர் வாங்கிய அன்று என் அறைக்கு வந்தாள். லட்டு கொடுத்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் என் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த வெயிலில் எப்படியம்மா நின்றாய், கால் கடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"வெயிலு தெரியல மேடம். ஒண்ணுதான் பயமா இருந்துச்சி. அந்த லைட்டு அணஞ்சி போச்சின்னா, நீங்க எழுந்து என்கிட்ட நடந்து வருவீங்களே. வந்து எப்பிடிச் சொல்லுவீங்கன்னு நெனச்சிகினே இருந்தேன். பாவம் மேடம், உங்களுக்குச் சொல்ல வராதேன்னு."

எனக்காக வருத்தப்பட்டிருக்கிறாள். அவளுடைய பிழைப்பு முழுவதும் அந்த இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும்போது, அதைச் சொல்ல வேண்டிய என் நிலைமையை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறாள்.

வராண்டாவில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எழுந்து, படி இறங்கி, அந்த வெயிலைக் கடந்து அவள் முன்னால் போய் நின்று என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். 'பேட்டரி போயிடுச்சு ஸ்டெல்லா' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். 'யாரும் எதிர்பார்க்கல' என்று பார்த்தேன். 'அடுத்த வருஷம்' என்று ஒரு தடவை வாய்வரை வந்தது, அவளுக்கு அடுத்த வருஷம் கிடையாது என்று ஞாபகம் வந்து விழுங்கினேன். எந்த வாக்கியமும் அவள் நின்ற இடம்வரை போய்ச் சேரவில்லை.

நீங்கள் நல்ல பேட்டரி போடுவீர்கள், தானாக நகல் எடுக்கும் ஏற்பாடும் செய்வீர்கள். எங்களைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும், ரேம் டிரைவ் வாங்குங்கள். வாங்கி அதற்குள் ஒன்றை வைப்பதற்கு முன்னால், அது யாருடையது என்று பார்த்து, அந்த ஆளின் எதிரில் போய் நின்று, 'போய்விட்டது' என்று ஒரு தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வாக்கியம் இன்றுவரை வரவில்லை.